தண்ணியைப் பார்த்தவர்கள்

எங்க ஆயா மதுராந்தகம் பக்கத்தில் ஊர்க்கிணற்றடியில் குடத்தோடு காத்துக் கிடந்தவ. ஊர்க்காரப் பொம்பள யாராவது மனசு வச்சு, எட்ட நின்னு ஊத்தணும். அதே வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுத்தெரு, கிணறு, குளம் எல்லாச் சாதிக்கும் உரியவை என்று 1924 ஆகஸ்டில் சென்னைச் சட்டசபையில் தீர்மானம் நிறைவேற்றினார். செப்டம்பரில் அரசாணையும் வந்தது. (ஆயா பிறந்ததே அதற்கப்புறம்தான்.)

1927 மார்ச்சில் அம்பேத்கரோடு நம்மவர்கள் மராட்டிய மகாத் குளத்தில் அள்ளிக் குடித்தார்கள். சாதி இந்துக்கள் 108 குடம் தண்ணீரில் சாணமும் கோமியமும் கரைத்து ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். தண்ணியைக் கண்காணிப்பது இந்த நாட்டுக்குப் புதுசில்லை. யார் கை பட்டது என்றுதான் பார்த்தார்கள்.

இப்போது ஆய்வுக்கூடம் இருக்கிறது. மாமல்லபுரம் போகிற வழியில் கோவளம் கடற்கரைக்கு 2021இல் பன்னாட்டு நீலக்கொடி கிடைத்தது. குளிக்கிற கடல்தண்ணியில் மலக்கிருமி இருக்கிறதா என்று தவறாமல் சோதித்தால்தான் அந்தக் கொடி. சோதிக்கட்டும், நல்லதுதான்.

அடுத்த வருஷமே, 2022 டிசம்பரில், புதுக்கோட்டை மாவட்டம் வேங்கைவயலில் நம் பிள்ளைகள் நோயில் விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் குடித்த மேல்நிலைத் தொட்டியில் மலம் கலந்திருந்தது தெரிந்தது. தொட்டிமேல் ஏறிப் பார்த்ததும் தெருசனங்கதான். 2025 ஜனவரியில் சி.பி.சி.ஐ.டி. குற்றப்பத்திரிகை வந்தது, அதே ஊர் தலித்துகள் மூன்று பேர் மேல்.