காணியை விற்கும் முன் ஒரு கேள்வி



ஊரில் ஒருவருக்கு மாரடைப்பு வந்துவிட்டால், "வெளிநாட்டில் ஸ்டெம் செல் ஏற்றுகிறார்கள், பழுதான இதயம் புதிதாகிவிடும்" என்று நமது வட்ஸ்அப் குழுமங்களில் செய்தி சுற்றத் தொடங்கிவிடுகிறது. காணியை விற்கவும் வசூல் எடுக்கவும் முன்னர் இதன் வரலாற்றை நாம் கொஞ்சம் படித்துப் பார்ப்போம்.

மாரடைப்பில் இரத்தம் கிடைக்காத இதயத்தசை இறந்து தழும்பாகிறது. தழும்பு சுருங்கி விரியாது. 2001இல் அமெரிக்காவில் பியேரோ அன்வேர்சா குழுவினர், சுண்டெலியின் பழுதான இதயத்தில் என்பு மச்சைக் கலங்களைச் செலுத்தியதும் புதிய தசை உருவானதாக 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள். அதே வருடம் ஜேர்மனியில் நோயாளிகளுக்கும் என்பு மச்சைக் கலங்களைச் செலுத்தினார்கள்.

2004இல் வேறு இரண்டு குழுக்கள் அதே பரிசோதனையைத் திருப்பிச் செய்தன. செலுத்திய கலங்கள் இதயத்தசையாக மாறவேயில்லை! ஆனாலும் பணமும் நோயாளிகளும் அந்தப் பாதையிலேயே தொடர்ந்தார்கள்.

2009இல் சுவீடனின் யோனாஸ் பிரிசன் குழுவினர், அணுகுண்டுப் பரிசோதனைகளால் காற்றில் கலந்த காபன்-14ஐ வைத்து இதயக் கலங்களின் வயதைக் கணித்தார்கள். 25 வயதில் வருடத்துக்குச் சுமார் 1 வீதமான தசைக் கலங்களே புதிதாகின்றன. 75 வயதில் அரை வீதமும் இல்லை. அன்வேர்சா சொன்னதோ இதைவிடப் பல மடங்கு.

2018இல், பொய்யான தரவுகள் இருப்பதாகக் கூறி, அவரது ஆய்வுகூடத்தின் 31 கட்டுரைகளை மீளப்பெறுமாறு ஹாவர்ட் மருத்துவக் கல்லூரி கேட்டது. அவர் தன்மீதான குற்றத்தை மறுத்தார். நோயாளிகளின் இதயம் தேறியதாக 2011இல் 'லான்செட்' வெளியிட்ட ஆய்வும் 2019இல் மீளப்பெறப்பட்டது.

நம்பிக்கை அடியோடு போய்விடவில்லை. சாதாரணக் கலத்தைக் குருத்துக் கலமாக மாற்றிக் காட்டிய ஷின்யா யமனாக்கா 2012இல் நோபல் பரிசு பெற்றார். அந்த வழியில் வளர்த்த இதயத்தசைத் தகடுகளை 2020இல் ஒசாக்கா பல்கலைக்கழகத்தில் ஒரு நோயாளியின் இதயத்தில் பொருத்தினார்கள். அங்கே மெதுவாக, அளந்து அளந்துதான் நடக்கிறார்கள்.

வகுப்பில் பிள்ளைகளிடம் நாங்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றுண்டு: "வேறொருவர் செய்து பார்த்தபோதும் இதே விடைதான் வந்ததா?" இலட்சக்கணக்கில் கேட்கும் எந்தக் கிளினிக்கிடமும் முதலில் இதைக் கேளுங்கள். பிறகு உங்கள் இதய மருத்துவரிடமும் கேளுங்கள். நெஞ்சுவலி வந்தால் மட்டும் எதையும் யோசிக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். இறக்கும் முன் காப்பாற்றிய தசைக்கு ஈடாக இன்றுவரை வேறொன்றும் கிடைக்கவில்லை.