வாயிற் கண்ட நோய்

கொட்டாஞ்சேனையிலாயினும் வெள்ளவத்தையிலாயினும் வெற்றிலைத் தட்டம் வையாத மங்கல வீட்டைக் காண்பது அரிது. அத்தட்டத்துப் பாக்கு புற்றுநோயை விளைவிக்கும் பொருள் என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2003 ஆம் ஆண்டில் முடிவு கூறிற்று. சமிபாட்டுப் பாதையின் தலைவாசலாகிய வாயில் தோன்றும் புற்றே இலங்கை ஆண்களிடையே முதன்மையானது.

இதனைக் கண்டறியப் பெருங்கருவி வேண்டியதில்லை. நல்ல வெளிச்சமும் பயின்ற கண்ணும் போதும். 1980களின் தொடக்கத்தில், இந்நாட்டுக் கிராமங்களில் 34 சுகாதார ஊழியர்கள் ஓராண்டுக் காலத்தில் 28,000 பேருக்கு மேற்பட்டோரின் வாயைப் பார்வையிட்டனர். அவர்கள் பல் வைத்தியர்கள் அல்லர். சிறிது பயிற்சி பெற்றவர்களே. ஏறத்தாழ 1,200 பேரிடம் ஐயத்துக்குரிய குறி தென்பட்டது. மறுசோதனைக்கு வரும்படி அழைத்தபோது வந்தவர்களோ பாதிப்பேரைச் சற்றே கடந்தனர், அவ்வளவுதான். வந்தவர்களைச் சோதித்த வைத்தியர்கள், ஊழியர்களின் கணிப்புப் பெரும்பாலும் சரியே என்று கண்டனர்.

ஊழியரிடம் வாயைத் திறந்து காட்டியவர் வைத்தியசாலைக்கு ஏன் வரவில்லை? அந்த வெள்ளைப் படலம் வலிப்பதில்லை. வலியாத நோய்க்காக ஒரு நாட்கூலியை யார் இழப்பார்? எனக்குத் தோன்றும் காரணம் இதுவே, நேயர்களே.

கொழும்புவாசிகளுக்குத் தூரம் ஒரு சாட்டாகாது. நாரஹேன்பிட்டியில் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறியும் அரசாங்க நிலையம் உண்டு. அங்கே கட்டணம் இல்லை.