ஒரே சான்றிதழ், வேறு வேறு கூலி

இரண்டாம் உலகப் போருக்காகப் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட அமெரிக்கப் படைவீரர்களுக்கென 1942இல் ஒரு தேர்வு உருவானது. பெயர் ஜி.ஈ.டி. தேறினால் பள்ளி இறுதி வகுப்புக்கு இணையான சான்றிதழ் கிடைக்கும். 1947இல் நியூயார்க் மாநிலம் அதைப் பொதுமக்களுக்கும் திறந்தது. படிப்பைத் தொடர முடியாத ஏழைத் தாய்மார்களுக்கும் காலப்போக்கில் அதுவே வழியானது.

1988ஆம் ஆண்டின் குடும்ப ஆதரவுச் சட்டம், அரசு உதவித்தொகை பெறும் தாய்மார்களைப் படிக்கவும் பயிற்சி பெறவும் சொன்னது. ஆனால் உழைக்காமல் அரசுப் பணத்தில் வாழ்பவர்கள் என்ற பழி ஏற்கெனவே கறுப்பினப் பெண்கள் மீது விழுந்திருந்தது. 1976 தேர்தல் மேடைகளில் ரீகன் அதை ஊதிப் பெருக்கினார். 1996இல் கிளிண்டன் கையெழுத்திட்ட சட்டம் 'முதலில் வேலை' என்றது. ஒன்றிய அரசின் நிதியிலிருந்து உதவி பெற வாழ்நாளில் ஐந்தாண்டுதான் வரம்பு. இருபது வயதைத் தாண்டிய தாய் இந்தத் தேர்வுக்குப் படிக்கும் நேரம், பொதுவாக வாரம் 20 மணி நேர வேலைக்குப் பிறகே கணக்கில் வந்தது. அதாவது வேலையும் பிள்ளை வளர்ப்பும் போக மிச்சமிருந்தால் படி!

அப்படிப் படித்து வாங்கிய சான்றிதழுக்குச் சந்தை என்ன விலை கொடுத்தது? டைலர், மர்னேன், வில்லெட் ஆகிய ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட ஆய்வு, தேர்ச்சிக் கோட்டை ஒட்டி மதிப்பெண் பெற்ற இளைஞர்களைப் பார்த்தது. வெள்ளையருக்கு வருமானம் 10 முதல் 19 சதவீதம் கூடியிருந்தது. சிறுபான்மை இனத்தவருக்குக் குறிப்பிடத்தக்க உயர்வு எதுவும் தென்படவில்லை. காரணங்களை விவாதிக்கலாம். ஆனால் ஒரே தாள் எல்லோர் கையிலும் ஒரே விலை பெறவில்லை என்பது கண்முன் நிற்கிறது. சாதிச் சமூகத்தில் வேலை தேடிய நமக்கு இது புதிதல்ல.

அதனால் படிப்பு வீண் என்று முடிவு கட்டக் கூடாது. இந்தச் சான்றிதழ் சமுதாயக் கல்லூரிக்கும் தொழிற்பயிற்சிக்கும் கதவைத் திறக்கிறது. அந்தக் கதவைத் தாண்டிப் போக நேரம் வேண்டும், பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், பணம் வேண்டும். 2014இல் தேர்வு கணினிக்கு மாறியபோது பல மாநிலங்களில் கட்டணம் 120 டாலர் ஆனது. மணிக்கு 7.25 டாலர் குறைந்தபட்சக் கூலி வாங்கும் பெண்ணுக்கு அது இரண்டு நாள் உழைப்பு.

'கற்பி' என்ற அம்பேத்கர் அதோடு நிற்கவில்லை. போராடவும் ஒன்று சேரவும் சொன்னார். நம் பெண்களுக்கு மாலை வகுப்பு நடத்தும் தோழர்கள், குழந்தைக் காப்பகத்தையும் நியாயமான கூலியையும் சேர்த்தே கேட்க வேண்டும்.