மூன்று சிலுவைகள்

டச்சு ஓவியர் ரெம்பிராண்ட் 1653-ஆம் ஆண்டில் ‘மூன்று சிலுவைகள்’ என்னும் அச்சுச் சித்திரத்தைப் படைத்தார். செப்புத் தகட்டில் கூரிய ஊசியாற் கீறி, மை தடவி, தாளில் ஒற்றியெடுத்த படம் அது. முதற்படிகளில் சிலுவையின்மீது வானொளி பொழிகின்றது. அழுவோரும் வீரரும் தெளிவாகத் தெரிகின்றனர். ஊசி எழுப்பிய பிசிரோ அச்சிடுந்தோறும் தேய்ந்தது. பின்னர் அவர் அதே தகட்டைச் சுரண்டினார். கூட்டத்திற் பலரை நீக்கினார். எங்கும் இருட்கோடுகளைப் பாய்ச்சினார். இயேசுவின் துன்பம் அவ்விருளில் தனித்து நிற்கின்றது.

முடிந்த படைப்பைத் தம் கையாலேயே அழிப்பது எளிதன்று. ஆசிரியனாக இருந்தபோது, அடித்துத் திருத்திய விடைத்தாள்களுக்கு நான் மதிப்பெண் குறைத்ததுண்டு. இவ்விரு படங்களையும் நூலொன்றில் அருகருகே கண்டபின், அதற்காக நாணினேன். திருத்தம் பிழையின் அடையாளம் அன்று. ஆழ்ந்து சிந்தித்ததன் சுவடு.