ரேஷன் பட்டியலில் 10 கோடி பேரைக் காணோமே, ஏன்?

கிராமத்தில் 75%, நகரத்தில் 50% பேர் வரை மானிய ரேஷன் பெறலாம் என்கிறது 2013-ன் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம்.

சரி, எந்த மக்கள்தொகையில் 75%? கடைசியாக வெளியான கணக்கெடுப்பில். அது 2011-ல் எடுத்தது. அன்றைய 121 கோடியை வைத்துப் போட்ட உச்சவரம்பு, சுமார் 81 கோடி.

மாநில ஒதுக்கீடு நிரம்பிவிட்டால், ஒரு பெயர் நீங்கினால்தான் இன்னொரு பெயர் சேரும்.

2020-ல் ஜான் டிரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள், அதே விகிதத்தைப் புதிய மக்கள்தொகை மதிப்பீட்டில் போட்டுப் பார்த்தார்கள். விடுபட்டவர்கள் 10 கோடிக்கும் மேல்!

இ-ஷ்ரமில் பதிந்தும் அட்டை இல்லாத சுமார் 8 கோடி பேருக்கு ரேஷன் அட்டை கொடுக்க 2023-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது.

சட்டம் மாறவில்லை, எண் பழசானது. அதுவே பலரை வெளியே தள்ளிவிட்டது.