மீனம்பாக்கத்தில் ஓடுபாதை கடந்த விமானம்

உயிர்களைப் பலிகொண்ட விபத்துகளை வரலாறு நினைவில் கொள்கிறது. அனைவரும் உயிர் தப்பிய விபத்துகள் விரைவில் மறக்கப்படுகின்றன. சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் 1986-ஆம் ஆண்டு செப்டம்பர் 29-ஆம் நாள் நிகழ்ந்தது அவ்வாறு மறக்கப்பட்ட ஒன்றாகும்.

அன்று இந்தியன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ300 வகைப் பயணிகள் விமானம் ஒன்று புறப்படுவதற்காக ஓடுபாதையில் விரைந்துகொண்டிருந்தது. அதன்மீது பறவை மோதியது. விமானி புறப்பாட்டைக் கைவிட்டு விமானத்தை நிறுத்த முற்பட்டார். ஆனால், அதிவேகத்தில் இருந்த விமானம் ஓடுபாதையின் எல்லையைக் கடந்து சென்றே நின்றது. உயிரிழப்பு எதுவும் நேரவில்லை, அல்ஹம்துலில்லாஹ். எனினும், சீர்செய்ய இயலாத அளவுக்குச் சேதமுற்ற அவ்விமானம் மீண்டும் பறக்கவே இல்லை.

ஒரு சிறு பறவை இத்தனை பெரிய விமானத்தை எவ்வாறு வீழ்த்த இயலும் என்று வாசகர்கள் வினவலாம். விடை வேகத்தில் உள்ளது. வேகம் இரு மடங்கானால் மோதலின் ஆற்றல் நான்கு மடங்காகும். விமானத்தை நிறுத்தத் தேவைப்படும் தூரமும் ஏறத்தாழ அவ்வாறே பெருகும். ஆகவே, ஒவ்வொரு புறப்பாட்டுக்கும் முன்னர் விமானத்தின் எடை, ஓடுபாதையின் நீளம், வெப்பநிலை, காற்று ஆகியவற்றைக் கொண்டு ஒரு முடிவெடுக்கும் வேகம் கணிக்கப்படுகிறது. அவ்வேகத்தை எட்டும் முன்னர் பழுது தெரிந்தால் நிறுத்தலாம். கடந்துவிட்டால் பறந்தெழுவதே பாதுகாப்பானது. அந்த எல்லைக்கு அருகில் பறவை மோதும்போது, சிந்திக்க விமானிக்குக் கிடைப்பது ஓரிரு நொடிகளே.

உலகின் வேறிடங்களிலும் இது நிகழ்ந்துள்ளது. 1975-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் நாள், நியூயார்க்கிலிருந்து ஜித்தா செல்லவிருந்த டிசி-10 விமானம் ஒன்று புறப்படும் வேளையில் கடற்பறவைக் கூட்டத்தின்மீது மோதியது. எஞ்சின் சிதைந்தது; புறப்பாடு கைவிடப்பட்டது; விமானம் தீப்பற்றி எரிந்தது. அதிலிருந்த 139 பேரும் உயிர் பிழைத்தனர். அவர்களுள் பெரும்பாலோர் அவ்விமான நிறுவனத்தின் பணியாளர்கள் என்பதால், விரைந்து வெளியேறும் முறையை அறிந்திருந்தனர்.

விமானியின் திறமையும் பயணிகளின் ஒழுங்கும் விபத்து நேர்ந்த பின்னர் உதவுபவை. பறவைகள் அங்கு வந்து கூடாமல் தடுப்பதோ நகர மக்களின் கையில் உள்ளது. இதை உணர்ந்தே நம் நாட்டின் 1937-ஆம் ஆண்டு வானூர்தி விதிகளுள் 91-ஆவது விதி, விமான நிலையத்தைச் சுற்றி 10 கிலோமீட்டர் வட்டத்துக்குள் விலங்குகளை அறுப்பதையும் தோலுரிப்பதையும், பறவைகளைக் கவரும் கழிவுகளைக் கொட்டுவதையும் தடை செய்தது. பறவைகள் வராதவாறு தக்க ஏற்பாடுகள் உள்ள இடங்களுக்கு மட்டும் எழுத்துமூலம் அனுமதி வழங்க அவ்விதி இடமளித்தது.

மீனம்பாக்கத்திலிருந்து நேர்க்கோட்டில் அளந்தால் நம் தியாகராய நகர் அந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கும். இதனை நம்முள் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம்.

இங்கு ஓர் உண்மையை நடுநிலையோடு கூறுதல் வேண்டும். பறவைகளை ஈர்ப்பவை இறைச்சிக் கடைகள் மட்டுமல்ல. அவ்விதியே உணவகக் கழிவையும் மீன் கடைக் கழிவையும் சேர்த்துக் குறிப்பிட்டது. திருமண மண்டபங்களின் பின்புறம் குவியும் எச்சில் இலைகளும் பருந்தையும் காகத்தையும் அழைப்பனவே. ஆகவே, பழியை ஒரு சமூகத்தின்மீது மட்டும் சுமத்துவது நீதியன்று. அதே வேளையில், பிறர் செய்யும் தவற்றைக் காட்டி நம் கடமையிலிருந்து நாம் விலகிக்கொள்வதும் நீதியன்று.

ஹஜ்ஜுப் பெருநாளில் குர்பானி கொடுப்போர் அனுமதி பெற்ற இடத்திலேயே அறுக்க வேண்டும். குடலையும் தோலையும் திறந்த வெளியிலோ கால்வாய் ஓரத்திலோ வீசாமல், மூடிய பைகளில் கட்டி மாநகராட்சிப் பணியாளர்களிடம் ஒப்படைக்க வேண்டும். வணக்கம் நிறைவேறியதும் தெருவைத் தூய்மை செய்வதும் நம் பொறுப்பே.

1986-இல் அந்த விமானத்தில் இருந்தோர் வீடு திரும்பினர். உம்ராவுக்கும் பிழைப்புக்குமாக நம் உறவினர்கள் இன்றும் அதே மீனம்பாக்கத்திலிருந்தே புறப்படுகின்றனர். அவர்களுக்காக துஆச் செய்யும் நாம், அவர்கள் பறந்து செல்லும் வானத்தின் கீழுள்ள தெருவையும் தூய்மையாக வைத்திருப்போமாக.