பொதுத் தடத்தில் பேசும் முறை: ஸ்கஸியின் வரலாறும் ஒரு பழைய வழங்கியும்

சென்ற பருவத்தில் எங்கள் மொழியியல் துறையின் பொருளறையிலிருந்து சர்வர் ஒன்றைக் கழிவுப்பொருள் பட்டியலில் சேர்த்து வெளியே வைத்திருந்தார்கள். 2000 ஆம் ஆண்டையொட்டி வாங்கப்பட்ட வழங்கி அது. அதன் நான்கு வன்தட்டுகளில், ஆதிலாபாத் வட்டாரத்துக் கோலாமி பேச்சாளர்களிடம் எடுத்த கள ஒலிப்பதிவுகள் இருந்தன. மூல ஒலிநாடாக்கள் பூஞ்சை பிடித்து அழிந்துவிட்டபடியால் அவற்றுக்கு வேறு பிரதி இல்லை. மின்னிணைப்புக் கொடுத்தபோது திரையில் ஒரு தட்டுகூடத் தென்படவில்லை. தட்டுகள் யாவும் பழுதாகிவிட்டன என்றே பலரும் கருதினர். வடத்தைப் பிரித்துப் பார்த்த பிறகுதான், பழுதின் பெரும்பகுதி தட்டுகளில் இல்லை, அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் ஒழுங்கில் இருக்கிறது என்பது விளங்கியது. அந்த ஒழுங்கின் பெயர் ஸ்கஸி. அதன் வரலாற்றைச் சற்று விரிவாகச் சொல்வது, என்னைப் போன்ற மொழி மாணவர்களுக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

1970களின் இறுதியில் ஒவ்வொரு நிறுவனத்தின் வன்தட்டும் தனக்கென ஒரு மின்னிணைப்பு முறையைக் கொண்டிருந்தது. தட்டை மாற்றினால் கணினியின் கட்டுப்பாட்டு அட்டையையும் மாற்ற வேண்டியிருந்தது. அமெரிக்காவின் ஷுகார்ட் அசோசியேட்ஸ் நிறுவனத்தில் லாரி பௌச்சர் தலைமையில் இதற்கொரு மாற்று உருவாயிற்று. தட்டின் உள்ளமைப்பைக் கணினி அறிய வேண்டியதில்லை. 'இத்தனையாவது தொகுதியைப் படி' என்று கட்டளையிட்டால் போதும் என்பதே அதன் அடிப்படை. நிறுவனத்தின் பெயரால் சாசி என்று அழைக்கப்பட்ட அம்முறையின் விவரக்குறிப்பு 1981 இல் பொதுவில் வெளியிடப்பட்டது. மறு ஆண்டு அமெரிக்கத் தேசியத் தரநிலைக் கழகத்தின் குழு அதை அடிப்படையாக ஏற்றுப் பணியைத் தொடங்கியது. பொதுத் தரம் ஒன்று தனியார் நிறுவனத்தின் பெயரைத் தாங்க இயலாதாகையால் ஷுகார்ட் நீங்கி, 'சிறு கணினி அமைப்பு இடைமுகம்' என்னும் பொருள்தரும் பெயர் வந்தது. அதன் முதலெழுத்துகளைச் 'செக்ஸி' என ஒலிக்க வேண்டுமென்று பௌச்சர் விரும்பியதாகச் சொல்வார்கள். பயன்படுத்தியவர்கள் 'ஸ்கஸி' என்றே சொன்னார்கள், வழக்கு வென்றது. 1986 இல் அது முறையான தரமாயிற்று.

தரம் வந்தவுடன் ஒருமை வந்துவிடவில்லை. ஆப்பிளின் மேகின்டாஷ் பிளஸ் 1986 ஜனவரியிலேயே ஸ்கஸி இணைப்புடன் வெளிவந்தது; ஆனால் 50 ஊசி இணைப்பிக்குப் பதிலாக 25 ஊசி இணைப்பியையே அது பயன்படுத்தியது. கட்டளைகளிலும் பல விருப்பத்துக்கு விடப்பட்டிருந்ததால் ஒவ்வொரு தட்டும் ஒரு கிளைமொழி பேசியது. 1980களின் நடுப்பகுதியில் உற்பத்தியாளர்கள் கூடி வகுத்த 'பொதுக் கட்டளைத் தொகுதி'யே இந்தக் கிளைமொழிகளை நெருக்கிக் கொணர்ந்தது. 1994 இல் தரமான ஸ்கஸி-2 அதன்மேல் எழுந்தது. இலக்கணம் வழக்கைப் பின்தொடர்ந்தே எழுதப்படும் என்பதற்கு இயந்திர உலகிலிருந்து இப்படியொரு சான்று.

மொழியியல் மாணவரை அதிகம் ஈர்ப்பது ஸ்கஸியின் உரையாடல் ஒழுங்கு. ஒரே வடத்தில் எட்டுச் சாதனங்கள் வரை தொங்கும். கட்டுப்பாட்டு அட்டையும் அவற்றுள் ஒன்று. ஒரு நேரத்தில் ஒருவரே பேச முடியும். அடுத்து யார் பேசுவது? தடம் ஓய்ந்திருக்கும்போது, பேச விரும்பும் ஒவ்வொரு சாதனமும் தன் அடையாள எண்ணுக்குரிய தரவுக் கம்பியைக் கையுயர்த்துவதுபோல் உயர்த்தும். தன்னைவிட முன்னுரிமை மிக்க எண் உயர்ந்திருந்தால் விலகிக்கொள்ளும். எட்டுத் தரவுக் கம்பிகள் இருந்தமையால்தான் எட்டுச் சாதனங்கள். பின்னர் கம்பிகள் பதினாறானபோது சாதனங்களும் பதினாறாயின. பழைய சாதனங்களோடு ஒத்துப்போக வேண்டியிருந்ததால் முன்னுரிமை 7 முதல் 0 வரை இறங்கி, அதன்பின் 15 முதல் 8 வரை செல்லும். கட்டுப்பாட்டு அட்டை வழக்கமாக 7 ஐத் தனக்கு வைத்துக்கொள்ளும். ஏவல் பெற்ற தட்டு, தகவலைத் தேடும் நேரத்தில் தடத்தைப் பிறருக்கு விட்டு விலகி, ஆயத்தமானதும் மீண்டும் முறை கேட்டு வரும். பலர் ஒருசேரப் பயன்படுத்தும் வழங்கிகளில் ஸ்கஸி நிலைபெற இதுவே முக்கியக் காரணம். உரையாடலில் பேச்சுமுறை எவ்வாறு கைமாறுகிறது என்பதை சாக்ஸ், ஷெக்லோஃப், ஜெஃபர்சன் மூவரும் 1974 இல் ஆராய்ந்து எழுதினார்கள். மனிதர் சொல்லாமலே கடைப்பிடிக்கும் விதிகளை, பொறியாளர்கள் ஒவ்வொன்றாக எழுதிவைக்க நேர்ந்தது.

இந்த ஒழுங்குக்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. முதலாவது, இரு சாதனங்களுக்கு ஒரே எண் இருத்தலாகாது. தட்டின் பின்புறம் 1, 2, 4, 8 என மதிப்புள்ள ஊசி இணைகள் இருக்கும். ஜம்பர் எனும் சிறு மூடியைச் செருகிய இணைகளின் கூட்டுத்தொகையே அடையாள எண்: 1 உம் 2 உம் செருகினால் 3, எதுவும் செருகாவிட்டால் 0. இரண்டாவது, வடத்தின் இரு முனைகளும் அடைக்கப்பட வேண்டும். திறந்த முனையை எட்டும் மின்குறிப்பு, வெற்றுச் சுவரில் மோதிய குரல்போல் எதிரொலித்துத் திரும்பி, பின்வரும் குறிப்புகளைக் குழப்பும். அந்த எதிரொலியை விழுங்கும் மின்தடைத் தொகுதியே டெர்மினேட்டர். அது முனைகளில் மட்டுமே இருக்க வேண்டும். இடையில் ஒன்று கூடுதலாக இருந்தாலும் குறிப்பு நலியும்.

வேகம் கூடக்கூட இந்நிபந்தனைகள் இறுகின. நொடிக்கு 5 மெகாபைட் வேகத்தில் 6 மீட்டர் வரை நீளலாம் என்றிருந்த வடம், 10 மெகாபைட்டில் 3 மீட்டராயிற்று. 20 மெகாபைட்டில், நான்குக்கு மேற்பட்ட சாதனங்கள் இருந்தால் 1.5 மீட்டராகச் சுருங்கியது. 1990களின் பிற்பகுதியில், ஒவ்வொரு குறிப்பையும் இரு கம்பிகளின் வேறுபாடாக அனுப்பும் குறைந்த மின்னழுத்த முறை வந்து 12 மீட்டர் வரை மீட்டுத்தந்தது. அதற்கும் ஒரு விலை உண்டு: பழைய ஒற்றைமுனைச் சாதனம் ஒன்றேனும் தடத்தில் சேர்ந்தால், தடம் முழுவதும் பழைய முறைக்கும் பழைய நீள வரம்புக்கும் இறங்கிவிடும். மேலும், இப்புதிய தட்டுகள் பலவற்றில் உள்ளமைந்த டெர்மினேட்டர் கிடையாது. வடத்தின் நுனியில் தனியாகப் பொருத்த வேண்டும்.

எங்கள் வழங்கியில் நடந்திருந்தது இதுதான். யாரோ ஒருவர், ஏதோ ஒரு நாள், 68 ஊசி வடத்தின் நுனியிலிருந்த டெர்மினேட்டரைக் கழற்றிவிட்டு, அவ்விடத்தில் மாற்று இணைப்பி வழியாகப் பழைய நாடாக் கருவி ஒன்றைச் செருகியிருந்தார். எட்டுத் தரவுக் கம்பிகள் மட்டுமே உள்ள அந்தக் கருவி மற்ற எட்டுக் கம்பிகளை அடைக்கவில்லை. ஒற்றைமுனைக் கருவியாகையால் தடம் முழுவதையும் கீழிறக்கியது. வடமோ அந்தப் பழைய முறைக்கு மிக நீளமானது. போதாக்குறைக்கு, பின்னாளில் சேர்த்த தட்டுக்கும் முதல் தட்டுக்கும் எண் 0. நாடாக் கருவியை அட்டையின் தனி 50 ஊசி இணைப்பிக்கு மாற்றினோம். நுனியில் புதிய டெர்மினேட்டர் பொருத்தினோம். ஒரு ஜம்பரை நகர்த்தி எண்ணை மாற்றினோம். மூன்று தட்டுகள் திரையில் வந்தன. எதையும் எழுத இயலாதவாறு தடைசெய்து, ஒலிக்கோப்புகளை முழுவதும் பிரதியெடுத்தோம். நான்காவது தட்டு சுழலவே இல்லை. அதிலிருந்த கதைப்பதிவுகளைச் சொன்ன முதியவர்களுள் பெரும்பாலோர் இப்போது இல்லை என்பதைக் களக்குறிப்பேட்டிலிருந்து அறிந்தேன்.

2003 இல் சாஸ் எனும் தொடர்வரிசை ஸ்கஸி தரமாகி, அகன்ற பட்டை வடங்களை மெல்ல விலக்கியது. அதில் ஒவ்வொரு தட்டுக்கும் தனி இணைப்பு; பொதுத் தடத்தில் முறை கேட்கும் வழக்கம் அத்தோடு முடிந்தது. கட்டளைகளோ அழியவில்லை. நாம் சட்டைப்பையில் எடுத்துச்செல்லும் பென் டிரைவ் இன்றும் ஸ்கஸிக் கட்டளைகளுக்கே விடை சொல்கிறது. லினக்ஸில் தட்டின் பெயருக்கு முன்வரும் 'எஸ்டி' என்னும் ஈரெழுத்து 'ஸ்கஸி தட்டு' என்பதன் எச்சம். உடல் மாறியும் இலக்கணம் தொடர்ந்தமைக்குக் காரணம், அது ஓர் உரிமையாளரின் பெயரை நீக்கிப் பொதுவில் எழுதிவைக்கப்பட்டதே. எங்கள் வழங்கியின் வட அமைப்பையோ யாரும் எழுதிவைக்கவில்லை. எந்தத் தட்டுக்கு எந்த எண், டெர்மினேட்டர் எங்கே, நாடாக் கருவி ஏன் இடம் மாறியது என்று ஒரு தாளில் ஐந்து வரி இருந்திருந்தால், இந்தக் கணினி பல ஆண்டுகள் முன்பே திறக்கப்பட்டிருக்கும். அந்த நான்காம் தட்டும் அப்போது சுழன்றிருக்கக்கூடும்.

இதைப் படிக்கும் ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் துறையிலும் இத்தகைய வழங்கி ஒன்று மூலையில் கிடக்கலாம். கழிவுக்கு அனுப்புமுன் ஒருமுறை மூடியைத் திறந்து, வடத்தின் நுனியைப் பாருங்கள். எதையும் கழற்றுமுன், கண்டதைத் தாளில் வரைந்து பெட்டியின் உட்புறமே ஒட்டிவிடுங்கள்.